வீதி விளக்கும் நித்திரையும்: அயலவர் இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு



கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கனேடிய நகரங்களின் வீதிகளில் ஒரு மாற்றம் மெல்ல நடந்திருக்கின்றது. செம்மஞ்சள் நிறத்தில் எரிந்த பழைய சோடியம் விளக்குகள் கழற்றப்பட்டு, அவற்றின் இடத்தில் வெள்ளை நிற எல்.ஈ.டி. விளக்குகள் பூட்டப்பட்டு வருகின்றன. மின்சாரச் செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது. விளக்குகளும் நீண்ட காலம் உழைக்கின்றன. நகரசபைக்கு இது நல்ல இலாபம்.

ஆனால் விளக்கு மாறிய பல வீதிகளில் அயலவர்களிடையே ஒரு புதிய மனவருத்தமும் தொடங்கியிருக்கின்றது. "வெளிச்சம் கூடிப் போச்சு, நித்திரை வருகுதில்லை" என்று ஒருவர் சொல்கிறார். "இதுவும் காணாது, இன்னொரு கம்பம் போட வேண்டும்" என்று அடுத்த வீட்டுக்காரர் சொல்கிறார். இருவரும் நகரசபைக்கு முறைப்பாடு செய்கிறார்கள். பிறகு ஒருவரையொருவர் கண்டாலும் தலையசைப்பதில்லை.

இது வெறும் அயல் சண்டை அல்ல. இரண்டு பக்கத்திலும் உடல்நலம் சம்பந்தப்பட்டிருக்கின்றது. ஒரு பக்கம் விழுந்து எலும்பு முறியும் ஆபத்து. மறுபக்கம் நித்திரைக் குறைவும் அதனால் வரும் கேடுகளும். எனவே இம்முறை இந்த விடயத்தைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

இரண்டு வீடுகள், இரண்டு குறைகள்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்காபரோவில் ஒரு வீதி. ஒரு வீட்டில் எழுபத்தைந்து வயது அம்மா ஒருவர். நீரிழிவு உண்டு. ஒரு கண்ணில் கற்றரக்ட் எனப்படும் கண்புரை தொடங்கியிருக்கின்றது. எதிர்வீட்டில் நாற்பது வயதுத் தம்பி ஒருவர், பஸ் சாரதி. இருவர் வீட்டுக்கும் பொதுவாக ஒரு விளக்குக் கம்பம்.

அம்மா சொல்கிறார்: "தம்பி, உந்தக் கம்பத்து லைற் இல்லாட்டில் பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகு நான் படியாலை இறங்கேலாது. போன மாரிக்கு ஐசிலை சறுக்கி விழுந்தது காணும்."

தம்பி சொல்கிறார்: "அன்ரி, அந்த லைற் நேரா என்ர கட்டிலிலைதான் அடிக்குது. விடிய நாலு மணிக்கு எழும்பி பஸ் ஓடப் போற ஆள் நான். பத்து மணிக்குப் படுத்தால் பன்ரெண்டு மட்டும் கண் மூடேலாமல் கிடக்கிறன்."

இருவரில் யார் சொல்வது சரி? மருத்துவ ரீதியாகப் பார்த்தால் இருவர் சொல்வதும் சரி. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வயதாகும் கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும்

வயது போகப் போகக் கண்ணின் மணி சுருங்குகின்றது. இருளில் அது முன்போல் விரிவதில்லை. கண்ணின் வில்லை மஞ்சள் நிறம் பிடித்துத் தடிக்கின்றது. இவை இரண்டும் சேர்ந்து, உள்ளே போகும் ஒளியைக் குறைத்துவிடுகின்றன. 20 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேருகின்றது. அதே வீதி, அதே விளக்கு, ஆனால் அம்மாவின் கண்ணுக்கு அது மூன்று மடங்கு இருண்ட வீதி.

வெளிச்சத்தில் இருந்து இருளுக்கு வரும்போது கண் பழகுவதற்கும் நேரம் எடுக்கின்றது. இளைஞர்களுக்கே முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் வேண்டும். வயதானவர்களுக்கு இன்னும் கூட. நல்ல வெளிச்சமான வரவேற்பறையில் இருந்து கதவைத் திறந்து வெளிப்படியில் கால் வைக்கும் அந்த முதல் நிமிடம்தான் மிகவும் ஆபத்தான நிமிடம்.

கனடாவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆண்டுதோறும் 20 முதல் 30 சதவீதத்தினர் ஒரு தடவையாவது விழுகிறார்கள். முதியவர்கள் காயத்தினால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவதற்கு முதற் காரணம் விழுதலே. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள் பலர் பழைய நடமாட்டத்திற்குத் திரும்புவதேயில்லை. ரொறன்ரோவில் டிசம்பர் நடுப்பகுதியில் பின்னேரம் 4.40 அளவில் சூரியன் மறைந்துவிடுகின்றது. கடைக்குப் போய் வருவதும், பேரப்பிள்ளையைப் பாடசாலை பஸ்ஸில் இருந்து கூட்டி வருவதும் பெரும்பாலும் மங்கலிலும் இருளிலும்தான். ஆகவே அம்மாவின் கோரிக்கை வீண் பயம் அல்ல.

இருளுக்குப் பயப்படுவதற்கு எமது மூத்தோருக்கு இன்னொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் மின்சாரமே இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் காலத்தைக் கழித்தவர்கள் அவர்கள். அந்த நாட்களில் இருள் என்றால் ஷெல் விழுகின்ற நேரம், ஆட்கள் காணாமற் போகின்ற நேரம். அப்படி வாழ்ந்த ஒருவருக்கு வாசலில் எரியும் விளக்கு மனதுக்கும் ஒரு மருந்து. "இஞ்சை என்ன பயம்?" என்று பிள்ளைகள் சிரிப்பது சரியல்ல.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயதான கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும், கூச்சம் வேண்டாம். புரை விழுந்த வில்லை, சேறு படிந்த காரின் கண்ணாடியைப் போன்றது. எதிரே பளிச்சென்று ஒரு விளக்கு அடித்தால் ஒளி கண்ணுக்குள் சிதறி, முன்னால் இருக்கும் படி கூடத் தெரியாமற் போகும். மறைப்பு இல்லாத, கண்ணுக்கு நேரே அடிக்கும் பிரகாசமான விளக்கு, அம்மாவுக்கு உதவி செய்வதற்குப் பதிலாகத் தீங்கு செய்யலாம். "இன்னும் பிரகாசமாக" என்று கேட்பதும் "நன்றாகத் தெரியும்படி" என்று கேட்பதும் ஒன்றல்ல.

நித்திரைக்கு இருள் வேண்டும்

இனித் தம்பியின் பக்கத்தைப் பார்ப்போம்.

எமது உடலுக்குள் ஒரு மணிக்கூடு இருக்கின்றது. அது ஏறத்தாழ 24 மணி நேரத்திற்கு ஒரு முறை சுற்றுகின்றது. அந்த மணிக்கூடு கலங்களுக்குள் எவ்வாறு இயங்குகின்றது என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த மணிக்கூட்டை ஒவ்வொரு நாளும் நேரம் பார்த்துத் திருத்துவது கண்ணுக்குள் போகும் ஒளி. பார்ப்பதற்கு உதவும் கலங்களைத் தவிர, பகலா இரவா என்று மூளைக்கு அறிவிப்பதற்கென்றே விழித்திரையில் தனியாகச் சில கலங்கள் உள்ளன என்பது 2002இல் உறுதியாகியது. இந்தக் கலங்கள் நீல நிற ஒளிக்கே அதிகமாகப் பதில் கொடுக்கின்றன. நீல ஒளி பட்டால் "இன்னும் பகல்தான்" என்று அவை மூளைக்குச் சொல்கின்றன. உடனே மெலற்றோனின் என்னும் இரவு நேர ஹோர்மோன் சுரப்பது குறைகின்றது. நித்திரை தள்ளிப் போகின்றது.

வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு இங்கேதான் பிரச்சினையாகின்றது. விளக்கின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள். எண் கூடக் கூட நீலம் கூடும். மெழுகுதிரி ஏறத்தாழ 1,900 கெல்வின். பழைய சோடியம் வீதி விளக்கு 2,000 முதல் 2,200. வீட்டில் முன்பு எரிந்த குண்டு பல்ப் 2,700. ஆரம்ப காலத்தில் பல நகரங்கள் பூட்டிய எல்.ஈ.டி. வீதி விளக்குகள் 4,000 கெல்வினும் அதற்கு மேலும்.

நித்திரை குறைந்தால் என்ன, நாளைக்குக் கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை கால் நிதானமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று 1997இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பஸ் ஓட்டுபவர் ஒருவரின் நித்திரை அவருடைய சொந்த விடயம் மட்டுமல்ல. அவருக்குப் பின்னால் இருக்கும் பிரயாணிகளின் உயிரும் அதில் தங்கியிருக்கின்றது.

எவ்வளவு வெளிச்சம் கெடுதல்?

இங்கே நாம் உண்மையை அளவோடு சொல்ல வேண்டும். வீதி விளக்குத்தான் எல்லா நோய்க்கும் காரணம் என்று பயமுறுத்துவதும் சரியல்ல.

ஓர் இடத்தில் விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். வெயில் எறிக்கும் மதியம் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். இரவில் விளக்குப் போட்ட வரவேற்பறை நூறு லக்ஸ் அளவில் இருக்கும். பூரணை நிலவு ஏறத்தாழக் கால் லக்ஸ்தான். குடிமனைப் பகுதி வீதியில், விளக்கின் கீழே நிலத்தில் விழுவது பெரும்பாலும் சில லக்ஸ் மட்டுமே.

ஒளியூட்டலுக்கான சர்வதேச ஆணைக்குழு 2003இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, புறநகர்க் குடிமனைகளில் இரவு பிந்திய நேரத்தில் வீட்டு யன்னலில் விழும் வெளியொளி 2 லக்ஸுக்கு மேற்படக் கூடாது. கிராமப்புறங்களில் 1 லக்ஸ். கம்பம் யன்னலுக்கு மிக அருகிலும் அதே உயரத்திலும் இருந்தால் இந்த அளவை மீறுவது சுலபம். ஏனெனில் தூரம் பாதியாகக் குறைந்தால் ஒளி நான்கு மடங்காகின்றது. ஒரே கம்பம் ஒருவருக்குத் தொல்லையாகவும், மூன்று வீடு தள்ளி இருப்பவருக்கு ஒன்றுமே இல்லாததாகவும் இருப்பது இதனால்தான்.

ஆட்களுக்கு ஆள் வித்தியாசமும் உண்டு. அவுஸ்திரேலியாவில் 2019இல் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. மாலை நேரத்தில் மெலற்றோனின் சுரப்பைப் பாதியாகக் குறைப்பதற்குச் சராசரியாக 25 லக்ஸ் அளவு ஒளி போதுமாக இருந்தது. ஆனால் மிகவும் கூருணர்வு உள்ள ஒருவருக்கு 6 லக்ஸே போதுமாக இருந்தது. இன்னொருவருக்கு 350 லக்ஸ் வேண்டியிருந்தது. ஐம்பது மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம்! "எனக்கு ஒன்றும் செய்யவில்லை, உனக்கு மட்டும் என்ன?" என்று அயலவரைக் கேட்பது, "எனக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளுது, உனக்கேன் ஒத்துக்கொள்ளேல்லை?" என்று ஒவ்வாமை உள்ளவரைக் கேட்பது போன்றது.

இன்னொரு ஆய்வும் எமது சமூகத்திற்கு முக்கியமானது. சிக்காகோவில் 2022இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான 20 இளைஞர்களில் ஒரு பகுதியினரை 100 லக்ஸ் வெளிச்சத்தில் ஓர் இரவு நித்திரை கொள்ளச் செய்தார்கள். அந்த இரவு அவர்களின் இதயத் துடிப்பு கூடியிருந்தது. மறுநாள் காலை இன்சுலின் வேலை செய்யும் திறன் குறைந்திருந்தது. நீரிழிவு பரவலாக உள்ள எமது குடும்பங்களில் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும். ஆனால் 100 லக்ஸ் என்பது விளக்கை அணைக்காமலும் தொலைக்காட்சியை நிறுத்தாமலும் படுத்துறங்கும் அறையின் வெளிச்சம். யன்னலால் வரும் வீதி விளக்கின் ஒளி பொதுவாக அதைவிட மிகக் குறைவு.

ஆகவே முடிவு இதுதான். பெரும்பாலானோருக்கு வீதி விளக்கை விட, வீட்டுக்குள் நாம் இரவு பதினொரு மணி வரை எரிய விடும் விளக்குகளும் கைத்தொலைபேசியுமே பெரிய எதிரிகள். ஆனால் கம்பத்திற்கு அருகில் படுப்பவர்களுக்கும், ஒளிக்குக் கூருணர்வு உள்ளவர்களுக்கும், சிறு பிள்ளைகளுக்கும் வீதி விளக்கு உண்மையான தொல்லையாக இருக்கலாம்.

வெளிச்சம் கூடினால் பாதுகாப்பும் கூடுமா?

"லைற்றைக் குறைச்சால் கள்ளன் வருவான்" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். இதற்கும் ஆய்வுகள் உண்டு.

நியூயோர்க்கில் 2016இல் அரசாங்கத் தொடர்மாடிக் குடியிருப்புகள் சிலவற்றில் பிரகாசமான தற்காலிக விளக்குகளை வைத்துப் பார்த்தபோது, இரவில் வெளியிடங்களில் நடக்கும் பாரிய குற்றங்கள் ஏறத்தாழ 36 சதவீதத்தால் குறைந்தன. மறுபுறம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளூராட்சிப் பகுதிகளில் வீதி விளக்குகளை மங்கலாக்கியதையும், இரவின் ஒரு பகுதியில் அணைத்ததையும் ஆராய்ந்து 2015இல் ஓர் அறிக்கை வெளியானது. அங்கே குற்றமோ வீதி விபத்தோ கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இவை ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஆள் நடமாட்டம் உள்ள, குற்றம் கூடிய இருண்ட மூலைகளில் ஒளி உதவுகின்றது. ஏற்கனவே விளக்குள்ள அமைதியான குடிமனை வீதியில் ஒளியைச் சற்றுக் குறைத்தால் ஆபத்து வந்துவிடும் என்றில்லை. கண் கூசும் விளக்கின் பின்னால் உள்ள கருநிழலில் ஒருவர் நின்றால் எவருக்கும் தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது.

மற்ற நகரங்கள் என்ன செய்தன?

கலிபோர்னியாவில் டேவிஸ் என்ற நகரம் 2014இல் 4,000 கெல்வின் விளக்குகளைப் பூட்டியது. குடியிருப்பாளர்கள் கண் கூசுகின்றது, நித்திரை இல்லை என்று முறையிட்டார்கள். நகரசபை மாதிரி விளக்குகளைப் பூட்டிக் காட்டி மக்களின் கருத்தைக் கேட்டு, குடிமனைப் பகுதிகளில் 2,700 கெல்வின் விளக்குகளுக்கு மாறியது.

கனடாவில் மொன்றியல் நகரமும் முதலில் 4,000 கெல்வின் விளக்குகளையே போடத் திட்டமிட்டது. மக்களின் எதிர்ப்புக்குப் பின்னர் 3,000 கெல்வினைத் தெரிவு செய்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே சொல்கின்றது: 3,000 கெல்வினுக்கு மேற்படாத நிறம், ஒளி பக்கவாட்டில் சிதறாதபடி மறைப்பு, நடமாட்டம் குறைந்த நேரத்தில் மங்கலாக்கும் வசதி.

இந்த நகரங்கள் எதுவும் வீதியை இருளாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விளக்கு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் சண்டைதான் மிஞ்சும். ஒளி எங்கே விழ வேண்டும், என்ன நிறத்தில், எந்த நேரத்தில் எவ்வளவு என்று கேட்டால் இருவருக்கும் வழி பிறக்கும். அம்மாவுக்கு ஒளி வேண்டியது நடைபாதையிலும் படியிலும். தம்பிக்கு ஒளி வேண்டாதது இரண்டாம் மாடி யன்னலில். இரண்டும் வெவ்வேறு இடங்கள்.

முதலில் ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள்

நகரசபைக்கு எழுதுவதற்கு முன், குறை விளக்கில்தானா என்று அறிந்துகொள்ளுங்கள்.

1. படுக்கையறையின் எல்லா விளக்குகளையும் அணைத்து, திரையைத் திறந்து விட்டு, இருபது நிமிடம் இருங்கள். பிறகு தலையணை இருக்கும் இடத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகையைப் பிடியுங்கள். செய்தியின் சிறிய எழுத்துகளைச் சிரமமின்றி வாசிக்க முடிந்தால் அந்த வெளிச்சம் நித்திரைக்கு அதிகம். கைத்தொலைபேசியில் உள்ள ஒளி அளக்கும் செயலிகள் இவ்வளவு குறைந்த ஒளியைச் சரியாக அளப்பதில்லை.

2. ஒரு வாரம் வழமை போலப் படுத்து, படுத்த நேரம், நித்திரை வந்ததாக நினைக்கும் நேரம், இடையில் விழித்த தடவைகள், எழும்பிய நேரம் ஆகியவற்றைக் காலையில் எழுதி வையுங்கள்.

3. அடுத்த வாரம் கண்பட்டி கட்டியோ, யன்னலைத் தடித்த கறுப்புத் துணியால் முழுமையாக மூடியோ படுத்து, அதேபோல் எழுதுங்கள். மற்றப் பழக்கங்கள் எதையும் மாற்ற வேண்டாம்.

இரண்டாவது வாரம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தால் குறை வெளிச்சத்தில்தான். வித்தியாசம் இல்லையென்றால் காரணம் வேறு எங்கோ இருக்கின்றது. இரவு எட்டு மணிக்குக் குடிக்கும் தேநீரோ, கட்டிலில் பார்க்கும் காணொளியோ, மனக்கவலையோ, குறட்டையோடு சேர்ந்த மூச்சுத் தடையோ காரணமாக இருக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

நித்திரைக்காக:

யன்னலுக்கு ஒளி புகாத திரையைப் போடுங்கள். பக்கவாட்டிலும் மேலேயும் சட்டத்தைத் தாண்டி மூடும்படி இருக்க வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை யன்னலுக்கு நேரே இல்லாதபடி திருப்பிப் போடுங்கள். இதற்குச் செலவே இல்லை. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வீட்டின் பெரிய விளக்குகளைக் குறையுங்கள். காலையில் எழுந்ததும் வெளியே போய் அரை மணி நேரம் நடவுங்கள். பகலில் நல்ல ஒளி கண்டவருக்கு இரவு வெளிச்சத்தின் பாதிப்பும் குறைவு.

விழாமல் இருப்பதற்காக:

வாசற்படியின் ஒவ்வொரு விளிம்பிலும் பளிச்சென்ற நிறப் பட்டி ஒட்டுங்கள். கைபிடி உறுதியாக இருக்கின்றதா பாருங்கள். ஆள் வந்தால் மட்டும் எரியும் விளக்கை, 2,700 கெல்வின் நிறத்தில், கீழ்நோக்கி ஒளி விழும்படி பூட்டுங்கள். அது படிக்கு மட்டும் போதும், எதிர்வீட்டு யன்னல் வரை போக வேண்டியதில்லை. இரவில் மலசலகூடம் போவதற்கு நிலத்தோடு ஒட்டிய மங்கலான செம்மஞ்சள் விளக்கு நல்லது. ஸ்னோவை உடனே வழித்து உப்புப் போடுங்கள். ஐசை எந்த விளக்காலும் கரைக்க முடியாது.

கண்ணையும் கவனியுங்கள். "லைற் காணாது" என்பது சில வேளைகளில் கண்புரையின் முதல் அறிகுறி. நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவை கண் பரிசோதனை செய்ய வேண்டும். ஒன்ராறியோவில் அதன் செலவை ஓஹிப் ஏற்கின்றது. கண்புரைச் சத்திரசிகிச்சை செய்து கொண்ட பலருக்கு, வீதியில் ஒரு விளக்கும் மாறாமலே வீதி வெளிச்சமாகிவிடும்.

அயலவருடன் பேசி, சேர்ந்து கேளுங்கள்

எமது உதாரணத்தில் உள்ள அம்மாவும் தம்பியும் தனித்தனியாக முறைப்பாடு செய்தால், ஒருவர் கூட்டச் சொல்கிறார், ஒருவர் குறைக்கச் சொல்கிறார் என்று நகரசபை இரண்டையும் பக்கத்தில் வைத்துவிடலாம். இருவரும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்தால் அதற்கு வேறு மதிப்பு. செய்ய வேண்டியவை:

முதலில் பகலில், தேநீர் நேரத்தில் பேசுங்கள். இரவில் நித்திரை கெட்ட கோபத்தோடு கதவைத் தட்ட வேண்டாம். முடிந்தால் இரவில் ஒருவர் வீட்டை மற்றவர் போய்ப் பாருங்கள். அம்மா தம்பியின் படுக்கையறையில் ஒரு நிமிடம் நிற்கட்டும். தம்பி அம்மாவின் படியில் இறங்கிப் பார்க்கட்டும்.

கம்பத்தில் உள்ள இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒளி எங்கே விழுகின்றது, எங்கே விழவில்லை என்று படம் எடுங்கள். பிறகு நகரசபையை அழையுங்கள். ரொறன்ரோவில் 311 என்ற இலக்கத்தை அழைத்தால் உரிய இடத்தைச் சொல்வார்கள். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

கேட்கும்போது குறிப்பாகக் கேளுங்கள். விளக்கின் வீட்டுப் பக்கத்தில் மறைப்புத் தகடு பொருத்த முடியுமா? விளக்குத் தலையின் சரிவைத் திருத்த முடியுமா? 3,000 கெல்வினுக்கு மேற்படாத விளக்காக மாற்ற முடியுமா? நள்ளிரவுக்குப் பின் மங்கலாக்க முடியுமா? நடைபாதையின் மேல் ஒளியை மறைக்கும் மரக்கிளையை வெட்ட முடியுமா? இவற்றில் மறைப்புத் தகடும் கிளை வெட்டுவதும் சிறிய வேலைகள். பல வேளைகளில் அவை இரண்டுமே போதும்.

எக்காரணம் கொண்டும் விளக்குக்குப் பெயின்ற் பூசுவதோ, துணி கட்டுவதோ, கம்பத்தில் ஏறுவதோ வேண்டாம். அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

வாரத்தில் மூன்று இரவுகளாவது நித்திரை இல்லாமல், அது மூன்று மாதங்கள் தொடர்ந்தால் குடும்ப வைத்தியரைப் பாருங்கள். பலத்த குறட்டை, நித்திரையில் மூச்சு நின்று போதல், பகலில் வாகனம் ஓட்டும்போது கண் சொருகுதல் இருந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம்.

நித்திரைக் குளிசையைப் பிறரிடம் வாங்கிப் போட வேண்டாம். முதியவர்கள் இரவில் விழுவதற்கு இந்தக் குளிசைகளும் ஒரு காரணம். மெலற்றோனின் குளிசை இங்கே மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கின்றது என்பதற்காகப் பிள்ளைகளுக்குக் கேளாமற் கொடுக்கவும் வேண்டாம். நீண்ட கால நித்திரையின்மைக்கு மருந்தில்லாத பழக்க மாற்றப் பயிற்சியே முதற் சிகிச்சை. வைத்தியரிடம் அதைக் கேட்டுப் பெறுங்கள்.

மீட்டுப் பார்ப்போம்

1. வயதான கண்ணுக்கு வெளிச்சம் கூட வேண்டும். ஆனால் கூசும் ஒளி அதற்கு எதிரி.
2. நித்திரைக்கு இருள் வேண்டும். நீலம் கலந்த வெள்ளை ஒளி நித்திரையைத் தள்ளிப்போடும்.
3. ஒளியின் பாதிப்பு ஆளுக்கு ஆள் ஐம்பது மடங்கு வரை வேறுபடலாம். அயலவரின் குறையைப் பொய் என்று தள்ள வேண்டாம்.
4. வீதி விளக்கைக் குற்றம் சொல்லுமுன் வீட்டு விளக்கையும் கைத்தொலைபேசியையும் கண்ணையும் சோதியுங்கள்.
5. கேட்க வேண்டியது கீழ்நோக்கிய, மறைப்புள்ள, 3,000 கெல்வினுக்கு மேற்படாத, பிந்திய இரவில் மங்கும் விளக்கு. இதை அயலவரோடு சேர்ந்து கேளுங்கள்.

இந்த மாரி தொடங்குவதற்கு முன் ஓர் இரவு உங்கள் வீதியில் நடந்து பாருங்கள். உங்கள் வாசல் விளக்கு எவருடைய யன்னலில் விழுகின்றது என்பதையும் அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள்.

நலமே வாழ்க.